பக்கத்து சீட்டில் மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருடைய பொறுமை பெயர்போனது. கிளட்ச் எது, பிரேக் எது என்று குழம்பி வண்டியைத் தவளை மாதிரிக் குதிக்க வைப்பவர்களிடமும், "பரவாயில்லை, திரும்ப எடுங்க" என்பார். முகம்கூடச் சுளிக்க மாட்டார்.

மனைவிக்கும் பயிற்சி வண்டியில் அவரேதான் கற்றுக்கொடுத்தார். அவளும் ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வீட்டுக் காரில் ஏறிய பிறகுதான் வினை ஆரம்பித்தது. தெருமுனை தாண்டுவதற்குள், "கண்ணு எங்க இருக்கு? பிரேக்கைப் போடு" என்று கத்துவார். ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்கடை வாசலில், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். அவள் வண்டியை அழகாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"ஊருக்கெல்லாம் பொறுமை, எனக்கு மட்டும் இதுவா?" என்று கேட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மற்ற சண்டை மாதிரி இது ஆறிப்போகவில்லை. அவளுக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளை ஆளாக்கி முடித்த பிறகு அவளாகத் தேடிக்கொண்ட முதல் வேலை. விடிவதற்கு முன்னால் போய் மாவு பிசைய வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது; காரைத் தனியாக எடுக்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. புதன்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "வரலைன்னு சொல்லிடப் போறேன்" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னபோது மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை, புதிதாகக் கற்க வந்த டீச்சர் ஒருவர் யாரோ வீட்டு கேட்டை இடிக்கப் போனார். வண்டி சட்டென்று நின்றது. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் அதை அழுத்தியிருந்தது.

"உங்களுக்குக் கோபமே வராதா மாஸ்டர்?" என்றார் டீச்சர்.

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். வீட்டுக் காரில் இதே கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்ததில் தரைவிரிப்பே கிழிந்திருக்கிறது. எலி கடித்தது என்று நினைத்திருந்தார், பாவம். பொறுமை மனசில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த மனுஷருக்கு அது காலில்தான் இருந்திருக்கிறது. மிதிக்க ஒன்றும் கிடைக்காதபோது அவருக்கு வந்தது பயம். அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மனைவியிடம், "வா, பேக்கரி வரைக்கும் நீ ஓட்டு. வேலைக்கு வரேன்னு நேர்லயே சொல்லிடலாம்" என்றார்.

"எதுக்கு, வாங்கிக் கட்டிக்கவா?"

"கத்தினேன்னா என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடு."

அவள் நம்பாமல்தான் ஏறினாள். பெரிய சாலைத் திருப்பத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. அவர் கால் தரையை மிதித்தது. கத்தல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் வாயை மூடினார், மூச்சு விட்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தான். லாரி போகட்டும், இருங்க" என்று அவள் நிதானமாக நிறுத்தி, காத்திருந்து, திருப்பினாள். வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை.

"சின்னவனுக்கு ஜுரம் வந்தப்ப டாக்டர் வீட்டு வாசல்ல என்னைப் பார்த்துக் கத்தினீங்களே. எனக்கு ஆபரேஷன்னு சொன்னப்பவும் கத்தினீங்க. அதெல்லாம் இதுதானா?"

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான். சொல்லத் தெரியலை."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.