ஏரியோரத்தில் ஒரு சதுரம்

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சதுரத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவாள். சதுரம் என்பது கம்பியை வளைத்துச் செய்த சட்டம், ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம். ஏரியோரச் சேற்றில் அது எங்கே விழுகிறதோ, அதற்குள் இருக்கும் நத்தைகளை எண்ண வேண்டும். பார்த்து எறிந்தால் மனசு நல்ல இடமாகத் தேடும் என்பதால்தான் இந்தக் குருட்டு வீச்சு. மாதம் ஒரு காலை, பத்து வீச்சு. ஏரியைக் கவனிக்கும் அலுவலகத்தில் அண்ணிக்கு இதுதான் வேலை. ஆறு வருடமாக அவள் எறிகிறாள், நான் எழுதுகிறேன். "நீங்க நடக்கிற வேகத்துக்கு நத்தையே உங்களை எண்ணிட்டுப் போயிடும்" என்பான் அண்ணன்.

நத்தை குறைந்தால் ஏரி நலிகிறது என்று அர்த்தம்; ஒரு சதுரத்துக்குச் சராசரி பத்துக்குக் கீழே போனால் ஏரியிலிருந்து தண்ணீர் இறைப்பதை நிறுத்த வேண்டும் என்பது அலுவலக விதி. எங்கள் நோட்டில் அது பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதனால் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

அன்று அண்ணிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. "நீயே எறிடி" என்று சதுரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். நல்ல பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல், கால் பதிந்த இடத்தில் நின்றேன். வானத்தின் மேல் நின்று எறிவது போலிருந்தது எனக்கு. முதல் வீச்சில் மூன்று நத்தை. அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை.

"உனக்கு எறியவே தெரியல."

"கண்ணை மூடிட்டு எறியறதுல தெரியறதுக்கு என்ன அண்ணி இருக்கு?"

 அண்ணி தான் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அதற்கு நேர் பின்னால் ஒரு கோரைப் புதர், அடியில் ஊற்றுக் கசிவு. நத்தைகள் அங்கேதான் அப்பிக் கிடக்கும். ஒவ்வொரு மாதமும் அந்தப் புதருக்கு முதுகு காட்டி நின்ற பிறகுதான் அவள் கண்ணை மூடுவாள். இதை நானும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு என்று எழுதும்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"வேணும்னு செய்யலடி. இன்னைக்கு நெறைய இருக்கணும்னு நெனச்சுக்குவேன். அவ்வளவுதான்."

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வாயிலிருந்து தெர்மாமீட்டரைச் சீக்கிரமே உருவிவிடுகிற தாயைப் போலத்தான் அவளும். ஏரி மீது அவளுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையால் கூடிப்போன கணக்கைக் காட்டித்தான் ஆறு வருடமாகத் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். அண்ணி அழுதாள். 

"இன்னைக்கு உள்ளதை எழுதினா பழைய நோட்டையெல்லாம் கேப்பாங்க அண்ணி. உங்க வேலையே போயிடும்."

"கேக்கட்டும். உன் துப்பட்டாவைக் குடு."

சதுரத்தைக் கொடுத்து நோட்டை வாங்கிக்கொண்டு, அவள் கண்ணைக் கட்டினேன். தோளைப் பிடித்துச் சுற்றிவிடச் சொன்னாள். திசை தப்பும்வரை சுற்றிவிட்டேன். தள்ளாடி நின்று, பழக்கமில்லாத இடது கையால் வீசினாள். பனிக்குள் எங்கோ சளக்கென்று சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். சதுரத்துக்குள் வெறும் சேறு. அதன் மேல் என்றோ ஒரு நத்தை ஊர்ந்து போன கோடு மட்டும் பதிந்திருந்தது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி.

"எத்தனை?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"எழுது."

எழுதினேன். சதுரத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். அண்ணி கட்டை அவிழ்க்கவில்லை. நான் இல்லாத பக்கமாகப் பார்த்தபடி, அடுத்த வீச்சுக்குக் கையை நீட்டிக்கொண்டு பனிக்குள் நின்றிருந்தாள்.