பின்னட்டையிலிருந்து திறந்த நாவல்

தோகிச்சி பிழைத்தானா செத்தானா என்று தெரியாமலே நானும் சபீதாவும் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டோம். நாங்கள் உயிராக வாசிக்கும் ஒரு மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், அவன் படகோட்டி. பதினாலாம் தொகுதியில் வெள்ளத்தில் விழுந்தான். அதற்கப்புறம் எட்டுத் தொகுதிகள் வந்து கதையே முடிந்துவிட்டது, அவனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. வரைந்த மகராசனுக்கு மறந்துபோயிற்றோ என்னவோ.

அவனை மட்டும் வைத்து ஒரு நாவல் வந்திருக்கிறது, படமே கிடையாது, முழுக்க எழுத்து, ஆங்கிலத்தில் கிடைக்கிறது என்று சபீதாதான் கண்டுபிடித்தாள். அவள் மேலப்பாளையத்தில் தாய்வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறுகிறது, படுக்கையைவிட்டு அதிகம் எழக்கூடாது, மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படக்கதை சம்பந்தப்பட்ட எதுவுமே அவள் உம்மாவுக்கு ஆகாது. அதனால் அவள் கணவர் ஆமிர் ஷார்ஜாவில் இருந்தபடியே, பாளையங்கோட்டையில் என் வீட்டு முகவரிக்குப் புத்தகத்தை வரவழைத்தார். பிரிக்காமல் கொண்டுபோய் இருவருமாகத் திறப்பது என்று ஒப்பந்தம்.

பிரித்தேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

மங்காவை, நம் புத்தகங்களுக்குப் பின்னட்டை இருக்கும் பக்கத்திலிருந்து திறந்து வாசிக்க வேண்டும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாக அப்படியே திறந்தது. கண்ணில் பட்டது நாவலின் கடைசிப் பக்கம். ஆற்றங்கரையில் ஒரு கல், கல்லில் தோகிச்சியின் பெயர், அதன் முன்னால் விழுந்து அழுகிற அவன் தங்கை. பட்டென்று மூடிவிட்டேன்.

அழுத அழுகையில் கண் வீங்கிப்போய், ஆபீசில் மெட்ராஸ் ஐ என்று சொல்லி இரண்டு நாள் லீவு போட்டேன். இதைச் சபீதாவிடம் எந்த வாயால் சொல்வது? அவன் பிழைத்திருப்பான் என்று என்னிடம் சண்டை போட்டவளே அவள்தான். குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்து, புத்தகம் இன்னும் வரவில்லை என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். பொய் எவ்வளவு சீக்கிரம் நாக்குக்குப் பழகிவிடுகிறது என்பதுதான் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் சபீதா போன் செய்தாள். பார்சல் என் கைக்கு வந்த தகவல் ஆமிருக்கு அன்றைக்கே போயிருக்கிறது, அவர் இப்போதுதான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

"தனியா வாசிச்சு முடிச்சிட்ட, அப்படித்தான?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். நாலு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. எதற்குப் பயந்து மறைத்தேனோ அந்தக் கெடுதலை நானே செய்துவிட்டேன். பதினாறு வருடச் சிநேகிதமும் போயிற்று.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக் கிடந்தது. கேட் திறப்பதற்குள் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

சபீதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் முதுகிடமே எல்லாவற்றையும் கொட்டினேன். பின்னாலிருந்து திறந்தது, கல், தங்கை, மெட்ராஸ் ஐ, ஒன்று விடவில்லை. அவள் மெல்ல எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். அதற்கு முந்தைய பக்கத்தை வாசித்தாள். அதற்கும் முந்தையதை. திடீரென்று அவள் வயிறு குலுங்கியது. பதறிப்போய் உம்மாவைக் கூப்பிடப் போனேன். பார்த்தால், சிரிக்கிறாள்.

"கல்ல வெட்டுனதே அவந்தாம்ட்டி. தேடி வந்த படைக்காரனுவ நம்பணும்னு தங்கச்சி நடிச்சு அழுதா. இவன் நாலு மரம் தள்ளி உக்காந்து கெழங்கு திங்கான்."

பிடுங்கி வாசித்தேன். நிஜம்தான், சுட்ட கிழங்கு. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சபீதா சிரிப்பை நிறுத்தினாள். இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"செத்தே போயிட்டாம்னு வச்சுக்க கலை. எனக்கொரு போன் போட்டிருந்தா ரெண்டு பேருமா அழுதிருப்போம்லா. பத்து நாளும் ஒத்தையிலயா அழுத?"

இவள் என்னை விட்டுப் போகவில்லை. அது உறைத்த பிறகு எனக்கு மூக்கைச் சிந்தவே நேரம் சரியாக இருந்தது.