கண்ணு என்றால் வந்து நிற்பாள்

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் சேனாபதி வீட்டுக்கு ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகிற அத்தனை பேருக்கும் அவள் கண்ணுதான். "கண்ணு, ரசம்" என்றால் வந்து நிற்பாள். உடுமலைப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். மூன்று வருஷமாகச் சமையல், துணி, இரண்டு குழந்தைகள் என்று எல்லாம் அவள் தலையில். சம்பளம் கிடையாது. போனைத் தொடக்கூடாது. பாஸ்போர்ட் சேனாபதியின் பீரோவில். "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பாள் சேனாபதியின் மனைவி. நாங்களும் தலையாட்டிக்கொண்டு பாயசம் குடித்தோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் நான் தட்டு வைக்கச் சமையலறைக்குப் போனபோது கண்ணு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, இங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு நடந்தே போயிரலாமுங்களா?"

முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. ஒன்றல்ல, வரிசையாக மூன்று.

என் கணவர் திருமூர்த்திக்கு சேனாபதியின் கம்பெனியில்தான் வேலை. எங்கள் விசா அவர் தயவில், கிரீன் கார்டு பேப்பரும் அவர் மேஜையில். விஷயத்தைச் சொன்னதும் திருமூர்த்தி டிவியை அணைத்தார். கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நானும் சரி என்றேன். நான்கு மாதம் அப்படியே கிடந்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

நான்காவது தழும்பைப் பார்த்த அன்று அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி, ஹூஸ்டனில் அடிபட்ட பெண்களுக்கு இடம் தரும் ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். மளிகை லிஸ்ட் படிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டி வாருங்கள் என்றார்கள்.

புதன்கிழமை காலை, அந்த வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, காரை வாசலிலேயே நிறுத்தி மணியை அடித்தேன். கண்ணு, கிளம்பு என்றேன். எங்கே என்றுகூட அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், ரப்பர் செருப்போடு ஏறிக்கொண்டாள்.

விடுதியில் ஒரு பெண் படிவத்தை எடுத்து, இவள் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள். வாயைத் திறந்தேன். சொல்லப் பெயர் இல்லை. மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. தூ, நானும் ஒரு மனுஷியா?

"உம் பேரு என்னம்மா?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தனபாக்கியமுங்க."

சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்தவள்போல இன்னொரு முறையும் சொன்னாள்.

அன்று மாலை திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சட்டைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அப்போது போன் அடித்தது. சேனாபதியின் மனைவி.

"ஜலஜா, கண்ணுவைக் காணோம். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். விசா இருக்கும், கார்டு வரும். திருமூர்த்தி எழுந்து வந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றேன். "அவ பேரு கண்ணு இல்ல. தனபாக்கியம்."