அம்மாவுக்கு ஒரு டின் பீர்

"போலீஸ்காரன் ஒருத்தன் தொப்பியைக் கழட்டிக்கிட்டு உன் வாசல்ல வந்து நின்னா என்னடி பண்ணுவே?" என்று குழாயடியில் செல்லோவானே ஒருமுறை கேட்டாள்.

"அந்தத் தொப்பிக்குள்ளயே துப்புவேன்" என்றாள் மாட்செலிசோ. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

போலீஸ்காரன் மொஹாபி உண்மையிலேயே வந்து நின்றபோது அவளுக்குத் துப்பத் தோன்றவில்லை. அவன் பூட்ஸில் இடுகாட்டுச் செம்மண் அப்பியிருந்தது.

"அக்கா, அம்மாவப் பொதைச்சிட்டு வரேன்."

"கேள்விப்பட்டேன். யாரு தூக்குனது?"

"நானும் பாதிரியாரும். கூலிக்கு ரெண்டு பேர்."

"ஊரையே பிடிச்சு உள்ள போட்டா, தூக்கறதுக்கு யாருடா வருவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நம்ம முறைப்படி, குழி வெட்டின மண்வெட்டி கழுவணும். அவளுக்குத் தரையில ஊத்தணும். கொஞ்சம் பீர் குடுக்கா."

"சர்க்கார் பீர் கடை இருக்கே?"

"அங்கயே குடிச்சிட்டுப் போன்னுவான். வெளிய கொண்டுபோக விடமாட்டான். வெள்ளைக்காரன் காய்ச்சினத அம்மா தொடவும் மாட்டா."

ஜோஹன்னஸ்பர்க்கில் கறுப்பர்கள் வீட்டில் பீர் காய்ச்சினால் சிறை. அந்தக் குடியிருப்பின் முற்றங்களையெல்லாம் இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி, புதைத்த பீர் டின்களைக் கண்டுபிடிப்பது மொஹாபியின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பிடித்துக் கொடுத்துத்தான் அவள் உள்ளே போனாள். வெளியே வருவதற்குள் பால்குடி மகன் போய்விட்டான். அக்கம்பக்கத்தார் புதைத்தார்கள். ஊற்றுவதற்கு முற்றத்தில் ஒரு சொட்டு பீர் இருக்கவில்லை. எல்லாவற்றையும் மொஹாபி கவிழ்த்திருந்தான். அந்தக் குறை இன்னும் அவள் நெஞ்சில் கிடந்தது. அதனால்தானோ என்னவோ, தோளில் புதுக் குழந்தையோடு எழுந்துபோய்க் கோழிக்கூட்டை நகர்த்தி, அடியில் புதைத்திருந்த டின்னைக் காட்டினாள்.

"இங்கயா வச்சிருந்தே!" என்றான்.

"நாளைக்கே இடம் மாத்திடுவேன். ரொம்ப ஆசைப்படாத."

அன்று முதன்முறையாக அவன் சிரித்தான். டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் சார்ஜென்ட் லாட்டெகன் எதிரே வந்துவிட்டார். மதிய வேட்டைக்கு ஆள் போதாமல், லாரியோடு அவனைத் தேடி வந்திருந்தார்.

"அட, லீவுலயும் வேலையா? யாரோடதுடா அது?"

என்னுடையது என்று சொன்னால் சீருடை போகும். சீருடையோடு அறையும், நகரத்தில் தங்கும் அனுமதிச் சீட்டும் போய்விடும். மொஹாபி அவளைப் பார்த்தான். குழந்தை அவள் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"இவ வீட்ல எடுத்தேன், பாஸ்."

"ஐயா, அவன் செத்துப்போன அம்மாவுக்குக் கேட்டு வாங்கினான் ஐயா!" பக்கத்து வீட்டிலிருந்து செல்லோவானே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "பச்சைக் குழந்தைக்காரி. விட்டுடுங்க!"

"அப்படியா, மொஹாபி?"

"பொய், பாஸ்."

"அப்ப கவுத்து."

கவிழ்த்தான். சோளப் புளிப்பு வாடை தெருவெல்லாம் எழுந்தது. பீர் சாக்கடையை நோக்கி ஓட, நுரை மட்டும் கற்களுக்கிடையில் தங்கியது. லாட்டெகன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"கையப் புடிச்சு இழுத்துட்டு வரணுமா, தானா வருவியா?" என்றார் அவளிடம்.

மாட்செலிசோ குழந்தையைச் செல்லோவானேயின் கைகளில் வைத்தாள். அது வீறிட்டது. கொடியில் கிடந்த போர்வையை உருவித் தோளில் சுற்றிக்கொண்டாள். மொஹாபி வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவனைத் தாண்டி லாரியை நோக்கி நடந்தாள்.