அறுபத்தோராவது வெள்ளிக்கிழமைப் படம்

1.

ஆமினா உம்மா அடுப்பின் இடப்பக்கம், பலகைக்கட்டையில் இருந்தார். அவருடைய மகள் நதீரா அடுப்புக்கு முன்னால் நின்றாள்; குந்தி இருக்கவில்லை. நதீராவின் கணவர் நஜீம் வெளியே, கவிழ்த்த வாளியின் மேல் இருந்து விறகு கொத்தினார். பின்கதவு சாத்தியிருந்தது. காற்று நெருப்பைக் கலைக்கிறது என்று கடற்பக்க ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

மூன்று பேர். நதீரா சொன்னபடி எழுதிக்கொண்டேன்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. நான் ஊராருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறவன். தம்பிக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நதீரா என்னிடம் வந்தாள். எந்தக் கடிதமானாலும் முதலில் யார் யார் இருந்தது, எங்கெங்கே இருந்தது என்று கேட்பது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குச் சட்டகம் போடப் பழக்கிய ஆசிரியர் செய்த வேலை அது. கடிதம் அவளுடையது. கதையை நான் எடுத்துக்கொண்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

"கடல் அந்த வீட்டுக்குள் இரண்டாவது தடவையாக நுழைந்தபோது..." (வெட்டினேன். வீடு கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் என்றதும் நீங்கள் இரண்டாயிரத்து நான்கின் சுனாமியை எதிர்பார்ப்பீர்கள். ஓம், அந்த வீட்டுக்கும் அலை வந்தது, வாப்பாவைக் கொண்டுபோனது. ஆனால் சப்ரி அதற்காகத் தொட்டி கட்டவில்லை. அப்படிக் கேட்ட மூத்தவர் ஒருவருக்கு, "இல்ல காக்கா, மீன் வடிவு, அதான்" என்றானாம். அதை நான் அப்படியே ஏற்கிறேன்.)

"எட்டு அடி நீளமான கண்ணாடிக்குள் ஒரு..." (ஒரு என்ன? பூந்தோட்டமா? இதுவும் வேண்டாம்.)

நேராகச் சொல்கிறேன். சப்ரி நதீராவின் ஒரே தம்பி. வீட்டு மண்டபத்தில் எட்டு அடித் தொட்டி கட்டி, கடல்நீர் நிரப்பி, அதில் உயிருள்ள முருகைக்கல், அதாவது பவளம், வளர்த்தான்.* பிறகு தோஹாவில் வேலை கிடைத்துப் போனான். போகுமுன் எல்லாவற்றையும் ராத்தா நதீராவுக்குப் பழக்கினான்: காலையில் வெப்பம், பகலில் உப்பு, பின்னேரம் சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. அவள் அதற்கென ஒரு கொப்பியில் எழுதிவந்தாள். ஒரு நாளும் விடுபடவில்லை.

*கல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும், சப்ரிக்கும் தெரியும்.

3.

படம் எடுப்பதையும் சப்ரிதான் பழக்கினான். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு, நிலத்தில் கறுப்பு நாடாவால் ஒட்டிய சிலுவைக் குறியில் முக்காலியை வைத்து, ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் ஒரு படம். கிழமைக்குக் கிழமை கல் எவ்வளவு வளர்ந்தது என்று தோஹாவில் இருந்து அவன் பார்ப்பான்.

கண்ணாடித் தொட்டியைப் படமெடுக்கிறவருக்குப் பெரிய எதிரி பிரதிபலிப்பு. எடுக்கிறவரும் கதவும் மின்விசிறியும் கண்ணாடியில் விழுந்து படத்தைக் கெடுக்கும். அதனால் விதிகள்: மண்டப விளக்கை அணைக்கவேண்டும். தொட்டிக்கு நேரெதிரே இருக்கும் குசினிக் கதவைச் சாத்தவேண்டும். எடுக்கிறவர் கறுப்பு உடுத்தவேண்டும்.

"அதுக்குத்தான் நான் அபாயா போட்டிருக்கனே" என்றாளாம் நதீரா.

"அப்ப நீதான் சரியான கமராக்காரி ராத்தா."

உம்மா மட்டும் கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். படம் உள்ள வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது அவருடைய பிடிவாதம். "மீனெண்டா எடு. என்ன எடுக்காத" என்பார். அடையாள அட்டையைத் தவிர அவருக்குப் படம் கிடையாது. இதை நினைவில் வையுங்கள்.

4.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டர் இருந்தது, பெற்றோல் இல்லை. கேஸ் இல்லை. தொட்டியின் நீர்ப்பம்பி நின்றால் தண்ணீரில் காற்று நிற்கும். காற்று நின்றால் எல்லாம் நிற்கும். நதீரா ஒரு கரையிலும் உம்மா மறுகரையிலும் நின்று கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். உம்மா ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு ஸலவாத்து ஓதினார். மூன்று நாள் அப்படிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் மீன்கள் மேலே மிதந்தன. அநேகமான கல் வெளுத்து, சளி கட்டி, நாறியது.

(இந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். மீன் சாவதை நான் நன்றாக எழுதிவிட்டேன். அடுத்து வரப்போகும் சாவுக்கு முன்னால் அது நல்லதல்ல.)

5.

நோன்பின் முதல் வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்கு முந்தி. பெரிய சருவத்தில் கல் கொதித்தது. அவித்துச் சுத்தம் செய்தால் அதே கல்லில் மீண்டும் தொட்டி கட்டலாம்.

நான் நதீராவிடம் கேட்டேன்: "அடுப்படியில வேற ஆர் இருந்த?"

"வேற ஒத்தரும் இல்ல காக்கா. நாங்க மூணு பேர்தான்."

"அப்ப கல்ல அவிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்ன?"

அவள் சால்வை நுனியை முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சப்ரி."

"எப்ப?"

"அப்பதான். சீனி டின்னில ஃபோனச் சாச்சு வெச்சிருந்த. அதுக்குள்ள இருந்தான்."

பட்டியலைத் திருத்துகிறேன். நான்காவது ஆள் சப்ரி. சீனி டின்னில் சாய்ந்து, உம்மாவைப் பார்த்தபடி.

"நல்லாக் கொதிக்கட்டும் ராத்தா. உள்ளுக்கு இரிக்கிற ஊத்தையெல்லாம் சாகணும். புறகு உம்மா தேங்காப் பொச்சால தேச்சாச் சரி."

"இஞ்ச பார்டா மகன்" என்றார் உம்மா, "ஊரெல்லாம் நோன்புக் கஞ்சி காச்சுது. உன்ட ஊட்டுல கல்லுக் கஞ்சி."

"உப்பு அளவா உம்மா?"

"கடல்ல கிடந்த கல்லுக்கு உப்புப் பாக்கச் சொல்றான். நோன்போட நான் எப்பிடிடா ருசி பாக்கிற?"

(உம்மாவை நான் அதிகமாகப் பகிடி பேச வைக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. நதீராவிடம் கேட்டேன். "நீங்க குறைச்சு எழுதியிரிக்கிங்க" என்றாள்.)

பிறகு சப்ரி கேட்டான்: "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லுவா? படம் எடுத்தியா?"

"வெறுந்தொட்டிய என்னத்த எடுக்கிற?"

"வெறுந்தொட்டி எண்டாலும் எடு ராத்தா. அறுபது கிழமை முறியாம வந்த."

நதீரா மண்டபத்துக்குப் போனாள். இருபது நிமிடம். சரியாக இருபது, படத்திலும் ஃபோனிலும் உள்ள நேரத்தை வைத்து அவள் கணக்குப் பார்த்திருக்கிறாள். அந்த இருபது நிமிடமும் உம்மா, பின்கதவும் ஜன்னலும் சாத்திய குசினிக்குள், ஆவிக்கு முகம் கொடுத்து, அவிந்த கல்லை மடியில் வைத்துப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

6.

நோன்பு திறந்தபோது, வாய்க்குள் செம்புக்காசு கிடப்பதுபோல இருக்கிறது என்றார் உம்மா. கஞ்சி இறங்கவில்லை. நதீராவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். வெளியே இருந்த நஜீமுக்கு இருமல் மட்டும். சனிக்கிழமை உம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருட மூச்சிழுப்பு, விறகு அடுப்புப் புகை, வயது அறுபத்தெட்டு. வைத்தியர் கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னார்கள். கல் அவித்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை உம்மா மௌத்தானார். மஃரிபுக்கு முந்தி அடக்கினார்கள். சப்ரி ஃபோனில் பார்த்தான்.

கமரா அலுமாரிக்குள் போனது. இரண்டு வருடம் யாரும் தொடவில்லை.

நதீரா அதைத் திறந்தது சப்ரி கேட்டதால்தான்: "உம்மாட ஒரு படமாச்சும் இல்லையா ராத்தா? தேடிப் பாரன்." அவள் தேடினாள். அறுபத்தோராவது படம் வந்தது.

வெறுந்தொட்டி. மின்வெட்டால் மண்டபம் இருட்டு. குசினிக் கதவை அவள் சாத்த மறந்திருந்தாள். கூரையின் கண்ணாடி ஓட்டால் வெயில் அடுப்படியில் விழுந்திருந்தது. தண்ணீரும் மீனும் இல்லாத கண்ணாடி முழுவதும் அடுப்படி. ஆவிக்கு நடுவே உம்மா, தலையை நிமிர்த்தி எதற்கோ சிரிக்கிறார். சீனி டின்னைப் பார்த்துத்தான். மடியில் கல்.

அந்தக் கல்லில் பொத்தான் பொத்தானாக ஏதோ இன்னும் வெளுக்காமல் ஒட்டியிருந்தது. கபில நிறம், நடுவில் பச்சை. வீட்டில் அதைப் பொத்தான் கல் என்றே சொல்வார்கள். அதன் உண்மையான பெயரைத் தேடிச் சப்ரிக்குச் சொல்லலாம் என்று ஃபோனில் பார்த்தாள். பெயர் கிடைத்தது. அதற்குக் கீழே, அதை ஒருபோதும் அவிக்கக்கூடாது, ஆவி நஞ்சு, என்று எழுதியிருந்தது. பிற நாடுகளில் கல் அவித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனவர்களின் கதைகளும் இருந்தன. வாயில் செம்புச் சுவை. நடுக்கம். மூச்சு.

"நிச்சயமா?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு நூறு இல்ல காக்கா. உம்மாக்கு இழுப்பும் இருந்துதானே." பிறகு சொன்னாள்: "ஆனா நாங்க நோன்பு. காலையிலிருந்து வாய்க்குள்ள ஒண்டும் போகல்ல. மூச்சு மட்டும்தான் போன."

7.

சப்ரி ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவில் வருகிறான். தொட்டியைத் திரும்பக் கட்டப்போகிறான். குரல் செய்தி அனுப்பியிருந்தான். நதீரா எனக்குப் போட்டுக் காட்டினாள். "இந்த முறை கல்ல நானே அவிப்பன், நீ கஷ்டப்படாத."

பழைய கல்லைப் புதைத்துவிடுங்கள் என்றேன்.

"எப்பயோ புதைச்சிட்டன். அவன் வேற கல்லோட வருவான். அதையும் அவிப்பான். ஊட்டுல என்ட மகள் இரிக்கா. அவக்கும் உம்மாட இழுப்பு."

ஆகவே எழுதவேண்டும். வட்ஸப் ஏன் வேண்டாம் என்றும் கேட்டேன். "அவன் வாசிக்கிறத நான் பாத்துக்கொண்டு இரிக்க ஏலா."

வந்த பிறகு முகத்தைப் பார்த்துச் சொன்னால்?

"அது அதவிட ஏலா."

முதல் வரைவு: தம்பி, கல்லை அவிக்கவேண்டாம், ஆபத்து என்று ஓரிடத்தில் வாசித்தேன்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "எங்க வாசிச்ச எண்டு தேடுவான். தேடினா அவனுக்கும் அதுதான் வரும். தனிய இருந்து வாசிப்பான்."

இரண்டாம் வரைவு: நான்தான் யோசிக்காமல் அவித்தேன், பிழை என்னுடையது.

"அவன் சீனி டின்னில இருந்தவன் காக்கா."

மூன்றாம் வரைவு: நடந்தது முழுவதும். நான்கு பேர், எங்கெங்கே இருந்தது, யார் என்ன சொன்னது, இருபது நிமிடம். நான் எழுதியவற்றில் மிகச் சரியான கடிதம் அது. அதை வாசித்து முடித்து அவள் கேட்டாள்: "இத வாசிக்கக்குள்ள அவனுக்குப் பக்கத்தில ஆர் இரிப்பாங்க? ஆறாம் மாடியில ஒரு அறை. மத்தவனுகள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பானுகள்."

என் பட்டியல் பழக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை. யார் வாசிப்பது, எங்கே இருந்து வாசிப்பது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

8.

பிறகு படம். ஸ்டுடியோவில் ஒரே ஒரு பிரதி எடுத்து வந்திருந்தாள். உம்மாவின் முகம் மட்டும் வெட்டி அனுப்பலாம் என்றேன். அடிமட்டத்தை வைத்து, நாடிக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே முகம். கீழே சருவம், கைகள், பொத்தான் கல். ஆனால் ஆவி கோட்டை மதிக்கவில்லை. முகத்தின் பாதியில் அது படிந்திருந்தது.

"மூடுபனி எண்டு நினைப்பானா?" என்றாள்.

"அடுப்புப் புகை எண்டு நினைப்பார்."

"நாங்களும் அப்பிடித்தானே நினைச்ச."

அஸருக்குப் பாங்கு சொன்னது. மேசையில் இவை இருந்தன: முதல் வரைவு, மூன்றாம் வரைவு, கோடு போட்ட படம், அதை வெட்டுவதற்கு ஒரு பிளேட், முகவரி எழுதிய உறை, பசை. நான் எழுந்து பள்ளிக்குப் போனேன். போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அன்று கொஞ்சம் வேகமாகப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் யோசித்த முடிவுகள்: 

படம் வெட்டப்பட்டு, முதல் வரைவோடு போகிறது. சப்ரி அதைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்டுகிறான். ஒரு நாள் ஆவியைக் கூர்ந்து பார்க்கிறான்.

படம் வெட்டாமல், மூன்றாம் வரைவோடு போகிறது. அதற்குப் பிறகு தோஹாவிலிருந்து அழைப்பு வருகிறது. அழைப்பது சப்ரி அல்ல... (இந்த வசனத்தை முடிக்க என்னால் ஏலவில்லை.)

திரும்பி வந்தபோது உறை ஒட்டியிருந்தது. மேசையில் காகிதம் ஒன்றும் இல்லை. கைப்பை அவள் மடியில். பிளேட் இருந்த இடத்திலேயே இருந்ததா, நகர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை. குப்பைக்கூடையையும் பார்க்கவில்லை, அன்றே அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினேன். பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் உங்களுக்குச் சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்து, அவளுக்கு நான் செய்த ஒரே மரியாதை அது.

அடுத்த நாள் காலை கல்முனைத் தபால் நிலையத்துக்கு இருவரும் போனோம். அவள் கம்பிக்கு அருகில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளே இருந்தவர் உறையை வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன தங்கச்சி?"

"உம்மாட படம்" என்றாள் நதீரா.

அவர் முத்திரை ஒட்டி, அதன்மேல் குத்தி, சாக்குக்குள் போட்டார்.