சகாரா மாட்டுக்குப் பொங்கல்

மாமல்லபுரத்தில் தர்மராஜ் புதிதாகக் கட்டிய விடுதிச் சுவரில், சகாரா பாறைகளில் ஆதி இடையர்கள் தீட்டிய மாட்டு மந்தையை ரேணுகா போட்டோ பார்த்து வரைந்து முடித்திருந்தாள். போட்டோவில் உள்ளதிலிருந்து ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்று அவள் உயிரை வாங்கியவரே அவர்தான்.

மாட்டுப் பொங்கலன்று வந்து பார்த்தால், கொம்புகளெல்லாம் நீலமும் சிவப்புமாக மின்னின. நெற்றிகளில் குங்குமம். பக்கத்தில் பிரஷும் கையுமாகத் தர்மராஜ்.

ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாண்ணா இது? ஏழாயிரம் வருஷத்து மாடுண்ணா!"

"இருக்கட்டுமே. பொங்கலும் அதுவுமா வெறுங்கொம்போட நிக்கவுட்டா அதுங்க இன்னா நெனைக்கும்?"

வந்த கோபம் சிரிப்பில் போனது. அப்போதுதான் கவனித்தாள்: மந்தைக்குப் பின்னால் கோலோடு நிற்கும் இடையனின் காலடியில், தரையில் விரித்த வாழையிலையில் ஆவி பறக்கும் நிஜப் பொங்கல்.

"இது யாருக்கு?"

"அவனுக்குத்தான். ஏழாயிரம் வருஷமா நின்னுகினே மேய்க்கிறான், பசிக்காதா?"