உரிக்காத மஞ்சள் ஸ்டிக்கர்

நாற்பத்தோரு வருடம் ஒயர் இழுத்தவன் நான். என்னைக் கண்டால் கரண்டே ஒதுங்கிப் போகும் என்று சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன். ஒருமுறை மின்னலை டப்பாவில் பிடித்து வைத்து மூன்று வாரம் ரேடியோ கேட்டேன் என்பதையும் இதே முகத்தோடுதான் சொல்வேன். அந்த முகம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

மகள் தன் வீட்டுக்கு வெளியே மூன்று பிளக் பாயிண்ட் கேட்டாள். ஒன்று பின்கதவுப் பக்கம், ஒன்று துணி துவைக்கும் இடத்தில், ஒன்று வேலியோரம். மூன்றுமே தண்ணீர் படும் இடங்கள். அதனால் பின்கதவுப் பக்கத்து முதல் பாயிண்டுக்கு ஷாக் தடுக்கும் வகை ஒன்றை வாங்கினேன். ஆள்மேல் பாய்ந்து கரண்ட் தரைக்கு ஓடப் பார்த்தால், இமைப்பதற்குள் ‘டக்’கென்று அணைத்துவிடும். அதன் வழியாகவே மற்ற இரண்டுக்கும் ஒயர் எடுத்தால் மூன்றுக்கும் அதுதான் காவல். அதன் முதுகில் மேலே இரண்டு திருகு, வரும் கரண்டுக்கு. கீழே இரண்டு, போகும் கரண்டுக்கு. கீழ்த் திருகுகளை மறைத்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் ஒயர் மாட்ட வேண்டும்.

மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் திருகுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்த வாளிமேல் சம்பந்தி. அவர் தையல்காரர்; ஒரு பட்டனுக்கு மூன்று தடவை அளவெடுப்பவர். இப்படி இரண்டு பேர் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்குமா?

“ஒரு கோழிப் பண்ணையில ஹீட்டர் மாட்டினேன் சம்பந்தி. மறுநாள்லேர்ந்து கோழிங்க எல்லாம் அவிச்ச முட்டையாவே போட ஆரம்பிச்சிடுச்சு.”

மகள் சிரித்ததில் ஒரு திருகு புல்லில் விழுந்தது. அதைத் தேடிக்கொண்டே, “அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன, பண்ணைக்காரன் உப்பும் மிளகும் தீவனத்துல கலந்தான்.”

“சம்பந்தி, அந்த மஞ்சள் ஸ்டிக்கரை உரிக்க வேண்டாமா?” என்று சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

“அது அழகுக்கு.”

கேலிக்குத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு உரித்திருக்க வேண்டும். அதற்குள் கதையில் கோழி கொக்கரித்தது, நானும் கூடவே கொக்கரித்தேன். வந்த ஒயர், போகும் ஒயர் எல்லாவற்றையும் மேல் திருகிலேயே சொருகி, இறுக்கி, மூடியைப் போட்டேன். மெயினைப் போட்டு முதல் பாயிண்டிலேயே இருக்கும் சோதனைப் பட்டனை அழுத்தினேன். ‘டக்’. மகள் கைதட்டினாள்.

“மத்த ரெண்டுலயும் பாத்துடுங்களேன்.”

“ஏன் சம்பந்தி, நீங்க பட்டன் தைச்சா காஜாவையும் போட்டுப் பாப்பீங்களா?”

“பாப்பேன்” என்றார்.

சோதிக்கும் கருவி என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மகள் துவைக்கும் இடத்துப் பாயிண்டில் தண்ணீர் பீச்சும் மெஷினை மாட்டி, வெறுங்காலோடு தரையைக் கழுவியிருக்கிறாள். மெஷின் ஒயரில் ஓர் இடம் உராய்ந்து செம்பு தெரிந்தது. ஈரக்கையால் அதைப் பிடித்தாள். கை விடவில்லை. வலது கால் வழுக்கி மல்லாந்து விழுந்ததில் பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் போட்ட காவல் அவளைக் காப்பாற்றவில்லை. மெஷினின் ஒயர் குட்டையாக இருந்தது, அதுதான் காப்பாற்றியது.

நான் போனபோது இரண்டு விரலில் கட்டு. படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என் தப்புதாம்பா. ஈரக்கையோட தொட்டேன். நீங்க போட்டதுல குறை இருக்குமா?”

“ஈரம் இறங்கியிருக்கான்னு பாக்குறேன்” என்று சொல்லி, மெயினை அணைத்துவிட்டு முதல் பாயிண்டின் மூடியைத் திறந்து அதை வெளியே இழுத்தேன். மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் என்னைப் பார்த்தது. ஒயரை இடம் மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. திருப்புளி கையில்தான் இருந்தது. சொன்னால் இனி இந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட என்னை விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவள் ஆயுளுக்கும் தன் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கூட விட்டேன். பின்னால் அவள், “கஷ்டமா இருந்தா விடுங்கப்பா, வெயிலா இருக்கு” என்றாள். நகத்தை எடுத்துவிட்டேன்.

எல்லோரையும் கூப்பிட்டேன்.

“ஒயரை மாத்தி மாட்டிட்டேன். முதல் பாயிண்டுக்கு மட்டும்தான் காவல். மத்த ரெண்டும் சும்மா திறந்து கிடக்கு. உனக்கு ஷாக் அடிச்சது என்னாலதான்.”

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாமா! அவிச்ச முட்டைக்கு அடுத்தது இதுவா?”

மகளும் சிரித்தாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. “என்னைத் தேத்துறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா.”

மறுபடி சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நாற்பத்தோரு வருடம் பழக்கிய முகம். அது உண்மையையும் அதே மாதிரிதான் வெளியே விடுகிறது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. கீழே குனிந்து என் பையிலிருந்து சோதிக்கும் கருவியை எடுத்து, என்னிடம் நீட்டினார்.

மெயினைப் போட்டுவிட்டு அதைத் துவைக்கும் இடத்தில் சொருகினேன். கருவியின் விளக்கு எரிந்தது.

“இந்தப் பட்டனை அழுத்தினா விளக்கு அணையணும்மா.”

அழுத்தினேன். எரிந்தது. மறுபடி அழுத்தினேன். எரிந்தது. நான்காம் தடவை மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. மகள் விளக்கைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

“சம்பந்தி அன்னிக்கே கேட்டாரேப்பா” என்றாள், மெதுவாக. உரக்கத் திட்டியிருக்கலாம்.

மெயினை அணைத்து, ஸ்டிக்கரை உரித்து, ஒயரை இடம் மாற்றி, மெயினைப் போட்டேன். இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் மகள் கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். துவைக்கும் இடத்தில் அழுத்தினாள். ‘டக்’. அணைந்தது. நான் பின்கதவுப் பாயிண்டுக்கு நடந்துபோய், அதன் பட்டனை அழுத்தி மறுபடி உயிர் கொடுத்தேன். வேலியோரம் அழுத்தினாள். ‘டக்’. மறுபடி நடந்தேன். திரும்பத் துவைக்கும் இடம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவள் நிறுத்தும்வரை நடந்தேன்.

மாதம் ஒருமுறை இப்போதும் கூப்பிடுகிறாள். போய்ப் பின்கதவருகில் நிற்கிறேன். அவள் அழுத்துகிறாள், நான் உயிர் கொடுக்கிறேன். சம்பந்தி வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் அவரே கேட்டார்: “அந்தக் கோழிங்க கடைசியில என்னாச்சு சம்பந்தி?”

“வேலை முடியட்டும்” என்றேன்.